குடும்பம் திரண்டு கடற்கரை ஹோம்ஸ்டேயில் தங்க: எதை முதலில் செய்வது, எதை அப்புறம்?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கம் இருக்கிறோம். தோட்டம் கைமாறிய பிறகு சொந்தங்கள் சுங்கை பட்டாணி, பினாங்கு, ஈப்போ, கிள்ளான் என்று பிரிந்துவிட்டார்கள். எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இரண்டு இரவு தூங்க வேண்டும் என்பதற்காகக் கடற்கரையில் வீடு எடுப்பது எங்கள் வழக்கம். ஏற்பாட்டுப் பொறுப்பு என்னுடையது. அக்கம்பக்கத்துக் குடும்பங்களுக்கும் உதவியிருக்கிறேன்.

புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசையில்தான். அழகான வீட்டுப் படம் ஒன்றைப் பார்த்ததும் டெபாசிட் கட்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் தேதியும், யார் வருகிறார்கள் என்பதும். வீடு நான்காவதாக வர வேண்டிய விஷயம். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. தலைக்கணக்கும் முன்பணமும்

வாட்ஸ்ஆப்பில் "நாங்களும் வர்றோம்" என்று சொன்னவரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முன்பணம் கட்டியவரை மட்டும் சேருங்கள். தலைக்கு 50 ரிங்கிட், ஒரு கடைசித் தேதி, அவ்வளவு போதும். இது கறார் இல்லை. பதினெட்டுப் பேர் என்று நம்பி வீடு எடுத்து, கடைசியில் பதினொரு பேர் வந்தால், வந்தவர்கள் தலையில்தான் மொத்த வாடகையும் விழும்.

எண்ணிக்கையோடு இன்னும் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: மாடிப்படி ஏற முடியாதவர்கள் எத்தனை பேர், இரவில் எழுந்து கழிப்பறை போகிறவர்கள் எத்தனை பேர், பன்னிரண்டு வயதுக்குக் கீழே எத்தனை பிள்ளைகள். எந்த வீடு பொருந்தும் என்பதை இந்த மூன்றும்தான் முடிவு செய்யும்.

பணக்கணக்கை இப்போதே போட்டுக் குழுவில் போடுங்கள். எடுத்துக்காட்டுக்கு, பெரியவர்கள் 12, பிள்ளைகள் 6. பிள்ளைக்குப் பாதிப் பங்கு என்றால் மொத்தம் 15 பங்கு. வாடகை இரண்டு இரவுக்கு 1,500, சாப்பாட்டுக்கு 1,200, அவசரத்துக்கு 300 என்று வையுங்கள். மொத்தம் 3,000 ரிங்கிட். பெரியவருக்கு 200, பிள்ளைக்கு 100. பெட்ரோலும் டோலும் அந்தந்தக் கார்க்காரர்கள் பாடு. அந்த 300-ஐ விட்டுவிடாதீர்கள். கேஸ் தீர்ந்தாலும் மருந்துக்கடைக்கு ஓடினாலும் அதிலிருந்துதான் போகும்.

2. தேதி: காலண்டரில் பார்க்க வேண்டிய மூன்று

முதலாவது, விடுமுறை. எங்கள் கெடாவில் பள்ளிக்கூடத்துக்கும் அரசாங்க அலுவலகத்துக்கும் வெள்ளியும் சனியும் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை பள்ளி உண்டு. பேரா, பினாங்கு, சிலாங்கூர் சொந்தங்களுக்குச் சனி, ஞாயிறு. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருப்பது சனிக்கிழமை ஒன்றுதான். "வாரக்கடைசி போகலாம்" என்று மட்டும் பேசி வைத்தால், ஒவ்வொருவர் மனத்திலும் வேறு வேறு கிழமை ஓடிக்கொண்டிருக்கும். கிழமையும் தேதியும் சேர்த்து எழுதுங்கள். பல மாநிலச் சொந்தங்கள் கூடுவதானால் பள்ளித் தவணை விடுமுறைதான் வழி. கெடாக் குடும்பங்கள் மட்டும் என்றால் வியாழன் மாலை கிளம்பிச் சனி மதியம் திரும்புங்கள். பேராவிலும் நெகிரி செம்பிலானிலும் பல வீடுகளில் வெள்ளி, சனி இரவுகளுக்குத்தான் கூடுதல் வாடகை. வியாழன் இரவு சாதாரண விலைக்கே கிடைத்துவிடும்.

இரண்டாவது, மழை. கிழக்குக் கரையில் நவம்பர் முதல் வடகிழக்குப் பருவமழை. பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் தங்குமிடங்கள் பெரும்பாலும் மூடிவிடும், கடலிலும் இறங்க முடியாது. ஆண்டுக் கடைசி விடுமுறைக்கு அந்தப் பக்கம் பார்க்காதீர்கள். நம் மேற்குக் கரையில் ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை அதிகம். புரட்டாசி இந்தக் கணக்கில் இரண்டு வகையில் இடிக்கும்: மழையும் நெருங்கிவிடும், வீட்டில் பாதிப் பேர் சைவமாக இருப்பார்கள். மீன் சுடும் ஆசையோடு போகிறவர்கள் அந்த மாதத்தைத் தவிர்த்துவிடலாம்.

மூன்றாவதைத்தான் பெரும்பாலானவர்கள் பார்ப்பதே இல்லை: கடல் ஏற்றமும் வற்றமும். மலாயில் ஆயர் பாசாங், ஆயர் சூருட். மலாக்கா நீரிணையில் ஒரு நாளைக்கு இரண்டு முறை தண்ணீர் ஏறி, இரண்டு முறை வற்றும். சில கரைகளில் வற்றும்போது கடல் வெகு தூரம் உள்ளே போய்விடும். மிஞ்சுவது சேறும் நண்டு வளையும்தான். ஆசையாக நீச்சல் உடை போட்டு வந்த பிள்ளைகள் அதைப் பார்த்து நிற்கும் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டேன். அதிலிருந்து அட்டவணை பார்க்காமல் தேதி குறிப்பதில்லை.

இதற்கு வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியே பாதி வேலையைச் செய்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் மிக உயரமாகவும் வற்றம் மிகத் தாழ்வாகவும் இருக்கும், நீரோட்டமும் வலுவாக இழுக்கும். அஷ்டமி, நவமி, தசமி நாட்களில் இந்த வித்தியாசம் குறைந்துவிடும். அரை நிலா நாட்களில் சூரியனும் சந்திரனும் வேறு வேறு திசையில் இழுப்பதுதான் காரணம். சின்னப் பிள்ளைகளோடு போகும் குடும்பத்துக்கு இந்த நாட்கள்தான் நல்லவை.

"அஷ்டமியில் வெளியே கிளம்பக் கூடாது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் மனம் நோக வேண்டாம். சப்தமியன்றே கிளம்பிப் போய்ச் சேர்ந்துவிடுங்கள். அஷ்டமியும் நவமியும் கடற்கரையில் கழியட்டும். எங்கள் அப்பாயி இதற்கு உடனே சம்மதித்துவிட்டார்.

தேதி முடிவானதும் கைப்பேசிச் செயலி ஏதாவது ஒன்றில் அந்த ஊருக்கான ஏற்ற நேரத்தைப் பாருங்கள். அது தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று மாலை 4 மணிக்கு ஏற்றம் என்றால் நாளை 4.50. ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் குளிக்க வசதி. ஏற்றம் காலை 7.30-லிருந்து 10-க்குள்ளோ மாலை 4.30-லிருந்து 7-க்குள்ளோ விழும் நாட்களாகத் தேர்ந்தெடுங்கள். உச்சி வெயிலில் ஏற்றம் வரும் நாட்களை எடுத்தால், பிள்ளைகள் தோல் உரிந்துதான் வீடு திரும்புவார்கள்.

3. எந்தக் கரை?

பத்துப் பேருக்கு மேல், வயதானவர்களும் பானை சட்டிகளும் உண்டு என்றால் கார் நேராக வாசல் வரை போகும் ஊரைத் தேர்ந்தெடுங்கள். பீடோங்கிலிருந்து எங்களுக்கு லுமுட் பக்கத்துத் தெலுக் பாத்தேக் தோதாக இருக்கிறது. தெற்கே இருப்பவர்களுக்குப் போர்ட்டிக்சன்.

லங்காவி எங்களுக்குக் கிட்டத்தில்தான். ஆனால் கோல கெடாவிலோ கோல பெர்லிஸிலோ ஃபெர்ரி ஏற வேண்டும். எல்லாருக்கும் அடையாள அட்டை, பிள்ளைகளுக்கு மைகிட் அட்டை, தீவில் இறங்கியதும் வாடகைக் கார் அல்லது வேன் என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். ஆறேழு பேர் போவதானால் தாராளமாகப் போகலாம். பதினெட்டுப் பேரோடு முதல் பயணத்திலேயே வேண்டாம். பங்கோர் தீவும் அப்படித்தான், மாசி மகத்தை ஒட்டிய நாட்களில் அங்கே பத்ரகாளியம்மன் கோயில் கூட்டம் இருக்கும், தங்க இடம் கிடைப்பது சிரமம்.

4. வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

இப்போது வீடு தேடலாம். படத்தில் தெரியாதவற்றைத்தான் கேட்க வேண்டும்.

கழிப்பறை எத்தனை? படுக்கையறையைவிட இது முக்கியம். ஹாலில் மெத்தை போட்டுப் பத்துப் பேர் படுத்துவிடலாம். காலை ஏழு மணிக்கு ஒரே கழிப்பறை முன்னால் பத்துப் பேர் நிற்க முடியாது. ஆறு பேருக்கு ஒன்று என்பது என் அளவு. கீழ்த்தளத்தில் ஓர் அறை, அதை ஒட்டி உட்காரும் வகைக் கழிப்பறை ஒன்று, இரண்டும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

தண்ணீர்த் தொட்டி எவ்வளவு பெரியது? கடலிலிருந்து திரும்பியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் குளிப்பார்கள். ஆளுக்கு 40 லிட்டர் வைத்தாலும் 18 பேருக்கு 720 லிட்டர். 200 கேலன் தொட்டி கிட்டத்தட்ட 900 லிட்டர், அது தாங்கும். அதற்குக் குறைந்தால் இரண்டு அணியாகக் குளிக்க வேண்டியதுதான். ஒரு முறை என் அக்காள் மகள் தலை நிறைய ஷாம்புவோடு நிற்கும்போது குழாய் நின்றுவிட்டது. குடிக்க வாங்கி வைத்திருந்த போத்தல் தண்ணீர் மூன்றை ஊற்றித்தான் கண் எரிச்சலை நிறுத்தினோம்.

சமைக்கலாமா? விளம்பரத்தில் "போலே மசாக்", அதாவது சமைக்கலாம், என்று இருக்கும். வீட்டுக்குள் போனால் அடுப்புக்கு மேலே "மசாக் ரிங்கான் சஹாஜா" என்று ஒட்டியிருக்கும். மெகியும் முட்டையும் செய்துகொள்ளலாம், மீன் பொரிக்கக் கூடாது என்று அர்த்தம். அதனால் பொதுவாகக் கேட்காதீர்கள். "கறி சமைப்போம், மீன் பொரிப்போம், பதினெட்டுப் பேருக்கு. சரியா?" என்றே கேளுங்கள். கேஸ் தோங் (சிலிண்டர்) முழுதாக இருக்குமா, வெளியே இன்னோர் அடுப்பு வைக்க இடம் உண்டா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு வாடகைக்கு விடுகிறார்கள்? சில வீடுகள் முஸ்லிம் குடும்பங்களுக்கு மட்டும். சில வீடுகளில் எல்லாரும் தங்கலாம். பன்றி இறைச்சியும் மதுவும் மட்டும் கூடாது. இதைக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம். முதல் செய்தியிலேயே "நாங்கள் இந்தியக் குடும்பம், காலையில் விளக்கேற்றி ஊதுபத்தி கொளுத்துவோம்" என்று எழுதிவிடுங்கள். ஒத்துவராது என்றால் அங்கேயே தெரிந்துவிடும். நல்ல வீட்டுக்காரர்கள் பதில் மரியாதையாகவே எழுதுவார்கள்.

கடல் எவ்வளவு தூரம்? "ஐந்து நிமிடம்" என்றால் நடையா, காரா? இருப்பிடத்தை அனுப்பச் சொல்லி நீங்களே வரைபடத்தில் அளந்து பாருங்கள். நடுவில் பெரிய சாலை குறுக்கிட்டால், பிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்கு அந்த வீடு வேண்டாம்.

5. டெபாசிட் கட்டும் முன்

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். என் சித்தப்பா மகன் 400 ரிங்கிட் கட்டிவிட்டு, குடும்பத்தோடு அந்த வீட்டு வாசலில் போய் நின்றான். வீடு நிஜம், படங்களும் நிஜம். ஆனால் பணம் வாங்கியவருக்கும் வீட்டுக்கும் சம்பந்தமே இல்லை. உள்ளே வேறொரு குடும்பம் இருந்தது. இரவு ஒன்பது மணி. காரில் தூங்கிப்போன இரண்டு பிள்ளைகள்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்வது இதுதான். முதலில் வீடியோ அழைப்பில் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்வோம். வெளியே கேட்டில் தொடங்கி, நிறுத்தாமல் உள்ளே வரை. ஆள் இல்லை, சாவி இல்லை என்று மூன்று முறை தட்டிக்கழித்தால் விட்டுவிடுவோம். அடுத்து, போலீஸின் செமாக் மியூல் இணையப் பக்கத்தில் வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போட்டுப் பார்ப்போம். ஏற்கெனவே புகார் இருந்தால் காட்டும். காட்டவில்லை என்பதற்காக நம்பிவிடவும் முடியாது. புதுக் கணக்கில் புகார் இருக்காது. அதனால்தான் வீடியோவை முதலில் வைத்திருக்கிறேன்.

முழு வாடகையையும் முன்கூட்டி அனுப்பாதீர்கள். டெபாசிட் போக மீதி சாவி வாங்கும்போது. ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். பணம் அனுப்பியபின் ஏமாந்தோம் என்று தெரிந்தால் உடனே மோசடிப் புகாருக்கான 997-க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள், அப்புறம் போலீஸ் புகார். பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் பிடிப்பதற்காகத்தான் இந்த அவசரம்.

6. சமையல் சாமான்

பெரிய பானை இரண்டு, தோசைக்கல், அரிவாள்மனை அல்லது நல்ல கத்தி, பெரிய கரண்டிகள் கொண்டு போங்கள். ஹோம்ஸ்டே பாத்திரங்கள் நான்கைந்து பேருக்குத்தான் காணும். மாட்டிறைச்சி சமைத்த பாத்திரத்தில் சாப்பிடாத பெரியவர்கள் இருந்தால் சொந்தப் பாத்திரம் அவசியம். இல்லையென்றால் அவர்கள் இரண்டு நாளும் ரொட்டியும் தேநீருமாக ஓட்டிவிடுவார்கள், வாய் திறந்து சொல்லவும் மாட்டார்கள்.

முதல் இரவுக்குச் சமைக்கத் திட்டமிடாதீர்கள். புளிச்சோறு, கோழிப் பிரட்டல், அவித்த முட்டை என்று வீட்டிலிருந்தே கட்டிக்கொள்ளுங்கள். பயணக் களைப்பில் பழக்கமில்லாத அடுப்பில் சமைத்தால் பத்து மணிக்குத்தான் சாப்பாடு, பிள்ளைகள் தூங்கிவிடும்.

இட்லி மாவைப் புளித்த பிறகு காரில் ஏற்ற வேண்டாம். வெயிலில் இன்னும் பொங்கி மூடியைத் தள்ளிவிடும். காரில் அந்த வாசம் ஒரு மாதம் போகாது. கிளம்புவதற்குச் சற்று முன் அரைத்து, பாத்திரத்தில் பாதி மட்டும் ஊற்றி எடுத்துப் போங்கள். இரவு அங்கேயே புளித்து, காலையில் சரியாக இருக்கும். மீனை ஊரிலிருந்து சுமக்க வேண்டாம். இரண்டாம் நாள் காலை லுமுட், சித்தியவான் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம்.

7. பயணம்

வீடு பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்குத்தான் திறக்கும். காலை ஏழு மணிக்கே போய் நிற்பதில் பயனில்லை. பீடோங்கிலிருந்து லுமுட்டுக்கு வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் சங்காட் ஜெரிங் வரை, அங்கிருந்து புருவாஸ் வழியாகச் சித்தியவான். நிற்பதற்குக் குனோங் செமாங்கோல் ஓய்விடம் சரியான இடம். மூன்று, நான்கு கார் என்றால் ஒன்றின் பின் ஒன்றாகத் துரத்த வேண்டாம். எங்கே நின்று சந்திப்பது என்று மட்டும் பேசிக்கொள்ளுங்கள். முதல் காரில் சாவி வாங்குபவரும், இரண்டாவதில் வயதானவர்களும், கடைசியில் சமையல் சாமானும் வரட்டும். திறந்ததும் பெரியவர்கள் உட்கார முடியும்.

8. சாவி வாங்கிய முதல் அரை மணி

பைகளை உள்ளே கொண்டுவரும் முன், ஒருவர் கைப்பேசியில் எல்லா அறைகளையும் படம் பிடிக்கட்டும். உடைந்த நாற்காலி, விரிசல் கண்ணாடி இருந்தால் உடனே வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். கிளம்பும் நாளில் டெபாசிட்டில் பிடிக்க மாட்டார்கள்.

அடுத்து, எல்லாக் குழாயையும் திறந்து பாருங்கள், எல்லாக் கழிப்பறையிலும் தண்ணீர் இழுத்துப் பாருங்கள், கேஸைப் பற்றவைத்துப் பாருங்கள். பிறகு எல்லா ஏர்கோனையும் ஒன்றாகப் போட்டு, சுடுநீர்க் கெண்டியையும் போடுங்கள். மின்சாரம் விழுவதாக இருந்தால் இப்போதே விழட்டும். வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்கும்போதே மெயின் சுவிட்ச் பெட்டி எங்கே என்று கேட்டுக்கொள்ளலாம். நள்ளிரவில் தேடுவது மிகவும் கஷ்டம். ஜன்னல்களையும் பார்த்துவிடுங்கள், காட்டை ஒட்டிய கடற்கரைகளில் குரங்கு உள்ளே வந்து ரொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

9. கடலில் இறங்கும்போது

"எல்லாரும் பார்த்துக்கலாம்" என்றால் யாரும் பார்க்கவில்லை என்றுதான் ஆகும். ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளைகள் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். அரை மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாறட்டும். மாறும்போது "இப்போ நீ பாரு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த அரை மணியில் கையில் கைப்பேசி கூடாது.

காற்றடித்த மிதவைகளைக் காலையில் கொடுக்காதீர்கள். நம் மேற்குக் கரையில் காலைக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். மிதவை மெல்ல மெல்ல வெளியே போய்விடும், பிள்ளைக்கே தெரியாது. சிவப்புக் கொடி இருந்தால் முழங்கால் தண்ணீரும் வேண்டாம்.

ஒரு போத்தல் வினிகர் கட்டாயம் கரையில் இருக்கட்டும். நம் கடலில் சொறிமீன் உண்டு, மலாயில் ஓபோர் ஓபோர். அதில் பெட்டி வகை மிகவும் ஆபத்தானது. லங்காவியில் உயிரே போயிருக்கிறது. தீண்டினால் உடனே கரைக்குக் கொண்டுவந்து, வினிகரை அரை நிமிடமாவது விடாமல் ஊற்றுங்கள். மணலால் தேய்ப்பது, நல்ல தண்ணீர் ஊற்றுவது இரண்டும் கூடாது. ஒட்டியிருக்கும் நூல்களிலிருந்து இன்னும் நஞ்சு இறங்கும். அந்த நூல்களை வெறுங்கையால் எடுக்காதீர்கள். மூச்சு முட்டினாலோ, வலி தாங்க முடியாமல் போனாலோ, தீண்டிய இடம் பெரிதாக இருந்தாலோ 999.

தண்ணீரில் இறங்காத பெரியவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் நாற்காலியை ஈர மணலில் போட்டால் ஒரு கால் புதைந்து சாய்ந்துவிடும். நாற்காலியின் நான்கு கால்களுக்கும் கீழே ஜப்பான் சிலிப்பரை (ரப்பர் செருப்பை) ஒவ்வொன்றாக வையுங்கள், புதையாது. எங்கள் அப்பாயி அப்படித்தான் அலை காலைத் தொடும் இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்க மனமே வரவில்லை.

10. கிளம்பும் காலை

12 மணிக்கு வீட்டை ஒப்படைக்க வேண்டும் என்றால் 9 மணிக்கே தொடங்குங்கள். அன்று காலைக் கடல் குளியல் வேண்டாம். ஈரத் துணியும் மணலும் சேர்ந்து எல்லாவற்றையும் தாமதப்படுத்தும். மணல் காலை எப்போதும் வெளிக்குழாயில் கழுவ வையுங்கள். குளியலறையில் கழுவினால் வடிகால் அடைத்துக்கொள்ளும், அதற்கு டெபாசிட்டில் பிடிப்பார்கள்.

அறைக்கு ஒருவர் பொறுப்பு: கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால், பிளக்கில் மாட்டிய சார்ஜர். பெரியவர்களின் மாத்திரைப் பெட்டி பெரும்பாலும் ஐஸ் பெட்டியின் கதவில் இருக்கும், அதைத் தனியாகப் பாருங்கள். காலி வீட்டை இன்னொரு முறை படம் எடுங்கள். டெபாசிட் கைக்கு வந்தபின், அல்லது கணக்கில் ஏறியது தெரிந்தபின் சாவியைக் கொடுங்கள்.

அன்று இரவே ரசீதுகளைப் படம் எடுத்துக் குழுவில் போட்டு, மீதியைப் பங்கு வாரியாகத் திருப்பி அனுப்புங்கள். பத்து ரிங்கிட்தான் மிஞ்சினாலும் கணக்கைக் காட்டிவிடுங்கள். அடுத்த முறை முன்பணம் கேட்கும்போது யாரும் தயங்க மாட்டார்கள்.